சிவப்புக் காரை விட்டுப் போன சத்தம்

திருமூர்த்தியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல்காரர்கள் கீற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த காலையில், ஷெட்டில் நின்ற சிவப்புக் காரை வெளியே எடுப்பதற்காக மெக்கானிக் ஜப்பார் பாய் சாவியைத் திருகினார். வண்டி ஸ்டார்ட் ஆனது, பானெட் வழக்கம்போல் நடுங்கியது, பின்னால் நீலமாய்ப் புகை வந்தது, பெட்ரோல் வாசம் சமையற்கட்டு வரைக்கும் போனது, சத்தம் மட்டும் வரவில்லை. காது அடைத்துக்கொண்டது என்று நினைத்து ஜப்பார் பாய் சுண்டுவிரலை விட்டுக் குடைந்தார். கதவைத் தட்டினார், தட்டியது கேட்டது. ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தார், புகை கூடியது, கீற்று கீழே விழும் சத்தமும் காக்கைச் சத்தமும் கேட்டன. வண்டியை அணைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, பின்கட்டில் வாடகை அண்டாக்களைக் கழுவத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த செல்வநாயகியிடம் போய் நின்றார்.

“அம்மா, வண்டி ஓடுதுங்க. சத்தத்தத்தான் காணோம்.”

“சைலன்ஸர் மாத்தினீங்களா பாய்?”

“நான் ஒண்ணையும் தொடலீங்க. மாத்தலாம் மாத்தலாம்னு நானும் முப்பது வருசமாக் கேட்டனுங்க, ஐயா விடலையே.”

“செரி, ஓடுதில்ல. நகத்தி நிறுத்துங்க. தரணி வண்டி வந்துரும்,” என்றாள் செல்வநாயகி. புருஷன் போன பதினாறு நாளில் அவளுக்கு எதற்கும் ஆச்சரியப்படத் தெம்பில்லை. ஆனால் பாய் திரும்பிப் போனதும், இந்தச் சத்தம் நிற்காதா என்று முப்பத்தொரு வருடம் தினமும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்து, கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

கரட்டுமடை என்ற அந்த ஊர் வேங்கைமலையின் காலடியில் இருந்தது. ஊரைத் தாண்டியதும் பதினொரு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மேலே திருமூர்த்தியின் காப்பித் தோட்டம். தோட்டத்தை விட்டுத் தன் ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார மேனேஜரிடமிருந்து திருமூர்த்தியின் அப்பா வாங்கியது அந்தச் சிவப்புக் கார். இரண்டே இருக்கை, கூரையில்லை, உட்கார்ந்தால் இடுப்பு தரையிலிருந்து ஒரு முழ உயரம்கூட இருக்காது. ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்பு தெரிந்துகொள்ளும், மழை பெய்தால் நனையும், வெயிலில் ஸ்டியரிங் சுடும், கியர் மாற்ற மணிக்கட்டுக்கு ஒரு பழக்கம் வேண்டும். சாயங்காலம் நாலேகாலுக்கு அது மலையேறும். ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைக்கும்போது எழும் உறுமல், பாறையில் மோதி, பள்ளத்தில் இறங்கி, ஊருக்குள் வந்து, வீடுகளில் கவிழ்த்து வைத்த டம்ளர்களை ஒன்றோடொன்று உரசவைக்கும்.

அன்றைக்கு மத்தியானம் மகன் தரணி கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்தது கறுப்பு நிற செடான் கார். அப்பா உயிரோடிருக்கும்போதே அவன் சொல்லி வைத்திருந்த வண்டி; வண்டி வந்துவிட்டது, எப்போது எடுக்கிறீர்கள் என்று ஷோரூமிலிருந்து போன் வந்தபோது வீட்டில் பிணம் கிடந்தது. கதவைச் சாத்தினால் தலையணையில் கை வைத்த மாதிரி ஒரு மெத்தென்ற ஒலி, அதற்கப்புறம் உலகமே இல்லை. இருக்கை முதுகைக் குளிர வைத்தது. கோடு தாண்டினால் ஸ்டியரிங் லேசாக நடுங்கிச் சொன்னது, பெல்ட் போடாவிட்டால் மணியடித்துச் சொன்னது, எந்த இருக்கையில் ஆள் இருக்கிறது எதில் இல்லை என்பது அதற்கே தெரிந்திருந்தது. ஜப்பார் பாய் மரியாதைக்காக அதன் பானெட்டைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு பெரிய கறுப்பு மூடி இருந்தது, வேறொன்றும் கண்ணுக்குப் படவில்லை.

“எனக்கு இதுல ஒரு வேலையும் இல்லைங்க தம்பி,” என்று மூடினார். “அந்த வண்டி தன்னப் பத்தி எல்லாத்தையும் கத்திச் சொல்லும், நாம சொல்றது எதுவும் அதுக்குக் கேக்காது. இது வாயே திறக்காது போல, ஆனா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருக்கும்.”

அப்போது மணி நாலேகால். ஷெட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், ஆளில்லாமல் அணைந்து நின்றது சிவப்புக் கார். கேட்டுக்கு அப்பால் ரோட்டில் அதன் சத்தம் ஸ்டார்ட் ஆனது, இரண்டு தடவை கனைத்தது, முதல் கியரில் நகர்ந்து, பால் சொசைட்டி பக்கம் திரும்பி, மலையைப் பார்த்துப் போனது.

பந்தல்காரர்கள் கழியைப் பிடித்தபடி நின்றார்கள். தரணி அம்மாவைப் பார்த்தான். அம்மா ஜப்பார் பாயைப் பார்த்தாள். பாய் தலையில் குல்லாவைச் சரிசெய்துகொண்டு, “இரண்டாவதுலருந்து மூணாவது போடறப்ப ஒரு சின்ன இழுப்பு இருக்குதுங்களே, அது ஐயா கைதானுங்க,” என்றார். சத்தம் ஒவ்வொரு வளைவாக ஏறியது. ஏழாவது வளைவில் நின்றது. வண்டியை அணைக்காமல், நின்ற இடத்திலேயே நாலு நிமிஷம் உறுமிக்கொண்டிருந்தது. அப்புறம் மிச்ச நாலு வளைவையும் ஏறி மறைந்து, இருட்டுவதற்கு முன்னால் இறங்கி வந்து, ஷெட்டுக்குள் நுழைந்து, கறுப்புக் கார் நின்ற இடத்தில் அடங்கியது. திருமூர்த்தி இருந்தபோது தினமும் எப்படியோ அப்படியே.

முதல் வாரம் ஊர் கொஞ்சம் தடுமாறியது, அப்புறம் பழகிக்கொண்டது. மலைபஸ் டிரைவர் குப்புராஜ் மூன்றாவது வளைவில் ஒதுங்கி நின்று சத்தத்துக்கு வழிவிட்டார், கண்டக்டர் “கைய உள்ள எடுங்க, ஐயா வர்றாரு” என்று குரல் கொடுத்தார், தைலமரம் ஏற்றி வந்த வெளியூர் லாரிக்காரர் ஒருவர் வழிவிடாமல் நேராகச் சத்தத்துக்குள் ஓட்டிப்போய், அடிவாரம் இறங்கும் வரைக்கும் பல் கிட்டித்து, டீக்கடை பெஞ்சில் இரண்டு மணி நேரம் நடுங்கி, மோர் குடித்துத் தெளிந்தார். போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தர் ஒரு புகாரை எழுத உட்கார்ந்து, நம்பரில்லாத, உருவமில்லாத, ஓட்டுபவர் இறந்துபோன வாகனத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடினார். கன்னிமார் கோயில் பூசாரி ஏழாவது வளைவில் மூன்று நாள் எலுமிச்சம்பழம் வைத்துப் பார்த்தார். பழம் நசுங்கவும் இல்லை, நகரவும் இல்லை. பால் சொசைட்டிப் பக்கத்து எருமைகள் சத்தம் கேட்டால்தான் பால் இறக்கின. கைக்குழந்தைகள் அந்த நேரத்தில் தூங்கப் பழகின. ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு பேர் கருவிகளோடு வந்து பதிவு செய்து போட்டுப் பார்த்தபோது காற்றும் சில்வண்டும்தான் இருந்தன, அவர்கள் வருத்தத்தோடு பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். டீக்கடையில் மட்டும் ஓயாத பேச்சாக, பழைய வண்டியா புதிய வண்டியா எது ஒசத்தி என்று நடந்தது. இன்றைய வண்டியில் மோதினால் பலூன் விரிந்து ஆளைக் காப்பாற்றும் என்றது ஒரு பக்கம். அதெல்லாம் சரி, அதன் முதலாளி செத்தால் அதற்குத் தெரியவா போகிறது என்றது இன்னொரு பக்கம். இப்படிப் பேசும்போது யாரும் ஏழாவது வளைவைப் பற்றிப் பேசவில்லை. அதை ஊர் முப்பத்தொரு வருடமாகப் பேசாமலே பழகியிருந்தது.

அந்த வளைவில்தான் சுகன்யா விழுந்தாள். திருமூர்த்திக்கும் செல்வநாயகிக்கும் முதல் பிள்ளை, ஆறு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்த உடுப்போடு, நானும் மேல வர்றேன் என்று அடம் பிடித்து, இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அந்தக் கதவின் கொண்டி தேய்ந்திருந்தது. திங்கட்கிழமை கொண்டுவாங்க, மாத்தித் தர்றேன் என்று ஜப்பார் பாய் சொல்லியிருந்தார், அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வளைவில் திரும்பும்போது கதவு திறந்துகொண்டது. வண்டிச் சத்தத்தில் திருமூர்த்திக்கு அது தெரியவில்லை. பதினோராவது வளைவு முடிந்து, தோட்டத்து கேட் முன்னால் வண்டியை அணைத்துவிட்டு, இறங்கலாமா கண்ணு என்று திரும்பியபோதுதான் பக்கத்தில் ஆளில்லை என்று பார்த்தார்.

அதற்குப் பிறகு பாயிடம் சொல்லி இடது கதவை வெல்டு வைத்து மூடினார். வண்டியை விற்கவில்லை, ஒரு நாள்கூட ஓட்டாமல் இருக்கவுமில்லை. கல் நெஞ்சுக்காரன் என்று ஊர் சொன்னது, செல்வநாயகியும் சொன்னாள், வாய்விட்டு இல்லை. இரண்டு வருடம் கழித்துத் தரணி பிறந்தான். அக்காவின் படம் ஒன்று பீரோவுக்குள் இருந்தது, சுவரில் இல்லை. ஒரு அக்கா இருந்தாள், விபத்தில் போய்விட்டாள் என்பதற்கு மேல் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு நாள், அந்த நாளில், மலையிலிருந்து இறங்கி வந்து கால் கழுவிக்கொண்டே திருமூர்த்தி பெண்டாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“கூப்பிட்டிருப்பாளா?”

“தூங்கியிருப்பாங்க,” என்பாள் செல்வநாயகி. “காத்து அடிச்சா அவ தூங்கிருவா, உங்களுக்குத் தெரியாதா?”

முதல் வருடம் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் சொன்ன பதில் அது. அப்புறம் மாற்ற முடியவில்லை. முப்பது தடவை அவர் கேட்டார், முப்பது தடவை அவள் அதையே சொன்னாள். முப்பத்தோராவது தடவைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இப்போது ஏழாவது வளைவில் அந்தச் சத்தம் நின்று உறுமும் நாலு நிமிஷமும் அவளுக்கு அந்தக் கேள்வியாகவே கேட்டது. ஜன்னலைச் சாத்தினாள், ரேடியோவை வைத்தாள், மிக்ஸியை வெறுமனே ஓடவிட்டாள். உடம்பு இளைத்தது. தரணி சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டு, “அம்மா, நீங்க எங்கூடக் கோயமுத்தூருக்கு வந்துருங்க,” என்றான்.

“அவரு தெனமும் வந்துட்டுப் போறாரு. நான் எப்படிச் சாமி வர்றது?”

“செரி, இன்னைக்கு ஒரு நாள் என்னோட வண்டியில உக்காருங்க. கண்ணாடியெல்லாம் ஏத்திட்டா பக்கத்துல வெடி வெச்சாலும் கேக்காது. அந்த நேரத்துக்கு உங்களுக்கு ஒரு அரை மணி நேரம் நிம்மதி வேணும், அவ்வளவுதான்.”

மகன் அம்மாவுக்குத் தரக்கூடியது அதுதான் என்று அவன் நினைத்தான். அவளும் மறுக்கவில்லை. அந்த மலை ரோட்டில் அவள் முப்பத்தொரு வருடமாகக் கால் வைத்ததில்லை. நெரிசலில்லாத ரோடு அதுதான் என்று அவன் மலைப்பக்கம் திரும்பியபோது பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கதவு சாத்தியதும் ஊர் அறுந்து போனது. நாலேகாலுக்கு முதல் வளைவில் சத்தம் பின்னாலிருந்து வந்ததை ரோட்டோரத்துக் குரங்குகள் கைப்பிடிச் சுவரிலிருந்து குதித்து ஓடியதை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ரோடு அகலமில்லை, சத்தம் அவர்களைத் தாண்டவும் முடியாமல், பின்தங்கவும் இல்லாமல், கறுப்புக் காரைச் சுற்றி வந்து மூடிக்கொண்டது. வெளியே கைப்பிடிச் சுவரோரத்துச் சரளைக்கல் அதிர்ந்தது. உள்ளே அமைதி.

அந்த அமைதியில் ஒரு குழந்தை பேசியது.

“யாரோ போன் எடுத்துட்டாங்க போல,” என்று தரணி திரையைத் தொட்டுப் பார்த்தான். அவன் போன் எதனோடும் இணைந்திருக்கவில்லை. குரல் இடது பக்கத்திலிருந்து, செல்வநாயகி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே, சாதாரணமாக, பக்கத்தில் இருப்பவரோடு பேசுகிற குரலாக வந்தது.

“அப்பா, இன்னைக்கு ரோஸ்லின் டீச்சர் எனக்கு ஸ்டார் போட்டாங்க. நோட்டுல இல்ல, கையில. சிவப்புப் பேனாவுல. அம்மா குளிக்க வெச்சா போயிருமா?” கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. “அப்பா, குரங்கு. குட்டி வெச்சிருக்கு. குட்டி தலைகீழாத் தொங்குது.” மூன்றாவது வளைவு. “அப்பா, எம் பல்லு ஆடுது, நாக்குல தள்ளினா ஆடுது. கேக்குதா?” பதில் வருகிறதா என்று காத்திருந்துவிட்டு, வராததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், அடுத்ததைச் சொன்னது. நாலு, ஐந்து, ஆறு. ஒரு கணமும் வாய் மூடவில்லை. ஏழாவது வளைவில் வண்டி திரும்பும்போது, பல் ஆடுகிறது என்று சொன்ன அதே குரலில், “அப்பா, கதவு தொறந்துக்கிச்சு,” என்றது. அப்புறம் காற்று.

“நிறுத்து சாமி,” என்றாள். அவன் நிறுத்தினான். கதவைத் திறந்ததும் திருமூர்த்தியின் சத்தம் நாலு பக்கத்திலிருந்தும் உள்ளே கொட்டியது. அவள் மறுபடி சாத்திக்கொண்டாள். தரணி அவள் பக்கம் திரும்பி, “அது யாரும்மா?” என்றான். “உங்கக்கா,” என்றாள்.

அந்த ஒரு தடவையில் செல்வநாயகிக்கு எல்லாம் விளங்கியது. சுகன்யா தூங்கவில்லை. ஆறு வளைவும் பேசிக்கொண்டே வந்திருக்கிறாள், அப்பா கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு. ஒரு சொல்லும் அவர் காதில் விழவில்லை. சைலன்ஸரை மாற்ற ஏன் விடவில்லை என்பதும், கல் நெஞ்சுக்காரர் முப்பத்தொரு வருடமாக எதற்காகத் தினமும் அந்த உறுமலுக்குள் போய் உட்கார்ந்தார் என்பதும் தெரிந்தது. அடங்கினால் கேட்டுவிடும் என்ற பயம் அது.

தெரிந்த பிறகு அவருடைய கேள்விக்கு உண்மைப் பதிலைப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், அவள் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமைக்காகக் காத்திருந்தாள். பெற்ற மகளின் குரல், வாரத்தில் இரண்டு நாள், ஆறு வளைவு தூரத்துக்குக் கிடைத்தது. அதை எந்தத் தாய் வேண்டாம் என்பாள். தலைக்குக் குளித்து, பூ வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, வைக்காமல், மூன்றரைக்கே வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். ஆறாவது வளைவு முடிந்ததும் நிறுத்தச் சொல்லிவிடுவாள். சத்தம் அவர்களைக் கடந்து மேலே போய், ஏழாவதில் நின்று உறுமும். கண்ணாடியை இறக்காமல் வண்டியைத் திருப்பச் சொல்வாள். அவள் முகத்தில் சதை பிடித்தது. ஊருக்கு விஷயம் தெரிந்தது, தெரிந்ததும் ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. சனி ஞாயிறுகளில் குப்புராஜ் பஸ்ஸை இரண்டாவது வளைவிலேயே ஓரம் கட்டினார், கறுப்பு வண்டியும் சத்தமும் சேர்ந்து போவதற்கு இடம் வேண்டுமே என்று.

நாலாவது வாரம் ரோஸ்லின் டீச்சர் வந்தார். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியிருந்தது, கையில் கோல். வாசலில் நின்று, “பாப்பா என் பேரச் சொல்றாளாமே,” என்றார். பின்சீட்டில் உட்கார வைத்தார்கள். முதல் வளைவில் குரல் வந்ததும் டீச்சர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். ஆறாவதில் வண்டி திரும்பியபோது, “மேல போகலையா?” என்றார்.

“வேண்டாங்க டீச்சர். இதுக்கு மேல அவ விழுந்துருவா.”

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னார். “நீ திரும்பி வந்துட்டாலும் அவ விழத்தானே செய்யறா செல்வி. தெனமும். நீ பாக்கறதில்ல, அவ்வளவுதான். அந்த மனுசனும் தெனமும் அங்க போய் நின்னு கேட்டுட்டு இருக்காரு.”

“நான் பதில் சொல்லிட்டா அவரு போயிருவாருங்க. அவரு போனா இவளும் போயிருவா.”

“ஆமா,” என்றார் டீச்சர். கோலை ஊன்றிக்கொண்டு, “போயிருவா,” என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு நடந்தார்.

அந்த வாரம் முழுக்கச் செல்வநாயகி சரியாகச் சாப்பிடவில்லை. நாலேகாலுக்கு வேப்பமரத்தடியில் போய், சிவப்புக் காரின் வெல்டு வைத்த கதவின் மேல் கை வைத்துக்கொண்டு, சத்தம் கேட்டைத் தாண்டி மலையைப் பார்த்துப் போவதைக் கேட்டாள். ஜப்பார் பாய் வாரத்துக்கொரு முறை வந்து அந்த வண்டியை ஓட்டிவைப்பார், சத்தமில்லாத எஞ்சின் முன்னால் தலையைக் குனிந்து நிற்பார். அன்றைக்கு அவரிடம், “பாய், ஓடற வண்டியில உக்காந்திருக்கறவருக்குக் கேக்கற மாதிரிப் பேசோணும்னா என்ன பண்றதுங்க?” என்று கேட்டாள்.

பாய் பானெட்டை மூடினார். “கிட்டப் போயிப் பொறுமையா நிக்கோணுங்க. அவராக் காலை எடுக்கோணும்.” பிறகு, அவள் கேட்காமலே, “திங்கக்கிழமைன்னு சொன்னது நானுங்க அம்மா. அன்னைக்கே செஞ்சு குடுத்திருக்கலாம்,” என்றார். முப்பத்தொரு வருடத்தில் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள், “தெரியுங்க பாய்,” என்றாள்.

சனிக்கிழமை ஆறாவது வளைவில் தரணி வேகத்தைக் குறைத்தபோது, “போ சாமி,” என்றாள். ஏழாவதில், “அப்பா, கதவு தொறந்துக்கிச்சு,” என்ற குரலைக் கடைசி எழுத்து வரைக்கும் கேட்டாள். கதவைத் திறந்து இறங்கி, தனக்குப் பின்னால் சாத்தினாள். சத்தம் அவள் மேல் விழுந்தது. சேலை அசையவில்லை, புழுதி கிளம்பவில்லை, சத்தம் மட்டும் நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து அதிர்ந்தது. வலது பக்கம் டிரைவர் இருக்கை இருக்கக்கூடிய இடத்துக்கு நேராக, ஒரு கை எட்டும் தூரத்தில் போய் நின்றாள்.

“ஏனுங்க,” என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்தினாள், தொண்டை கிழிந்தது. அப்புறம் பாய் சொன்னது நினைவு வந்து, கத்துவதை விட்டுவிட்டுச் சும்மா நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் தரணி பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கமான நாலு நிமிஷம் ஆனது, சத்தம் கிளம்பவில்லை. ஐந்து நிமிஷம் ஆனது. அப்புறம் யாரோ மிதியிலிருந்து காலை எடுத்த மாதிரி, உறுமல் இறங்கி, இறங்கி, ஒரு ஆளின் மூச்சளவுக்கு வந்தது.

“அவ தூங்கலைங்க,” என்றாள் செல்வநாயகி. “நான் பொய் சொன்னேன். உங்க மூஞ்சியப் பாக்க முடியாமச் சொன்னேன். அவ முழிச்சுக்கிட்டுத்தான் வந்தா. வழி முச்சூடும் உங்ககிட்டப் பேசிக்கிட்டே வந்தா. டீச்சரு கையில ஸ்டார் போட்டதச் சொன்னா, குரங்குக் குட்டியச் சொன்னா, பல்லு ஆடறதச் சொன்னா. கதவு தொறந்துக்கிச்சுன்னும் சொன்னா. அழுகலைங்க. பயப்படலைங்க. அப்பா இருக்காரு, பாத்துக்குவாருன்னு நெனைச்சுக்கிட்டுத்தான் சொன்னா. உங்களுக்குக் கேக்கல. அவ்வளவுதானுங்க. கேட்டிருந்தா நிறுத்தியிருப்பீங்க.”

எஞ்சின் ஒரு தடவை விக்கியது. இரண்டு தடவை. அப்புறம் சாவி திரும்பும் சின்னச் சத்தம், திருமூர்த்தி வண்டியை அணைக்கும்போது வளையத்தில் மற்ற சாவிகள் உரசும் சத்தம். அதற்குப் பிறகு பள்ளத்துக்குள் எங்கோ ஓடும் தண்ணீர் கேட்டது. அப்படி ஒரு ஓடை அங்கே இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் காத்திருந்தாள். காலடி கேட்குமா, கதவு கேட்குமா, ஒரு சொல் கேட்குமா என்று. ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் நாலேகாலுக்குக் குப்புராஜ் பழக்கத்தில் ஓரம் கட்டி, பத்து நிமிஷம் நின்று, பயணிகள் யாரும் ஏன் என்று கேட்காமல் உட்கார்ந்திருக்க, மெதுவாக வண்டியை எடுத்தார். எருமைகள் இரண்டு நாள் பால் இறக்காமல் நின்றன. கைக்குழந்தைகள் ஒரு வாரம் அழுதன, தாய்மார்கள் ஏதேதோ பாடிப் பார்த்தார்கள். சிவப்புக் காருக்கு அதன் சத்தம் திரும்பவே இல்லை. ஜப்பார் பாய் அதை ஊருக்குள் ஓட்டிப்போனால் எருமைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு ஏழாவது வளைவில் செல்வநாயகி கால் வலிக்கும் வரைக்கும் நின்றுவிட்டுக் கறுப்பு வண்டிக்குள் வந்து உட்கார்ந்தாள். கதவு மெத்தென்று சாத்திக்கொண்டது. உள்ளே எந்தக் குரலும் இல்லை. அவள் இடது பக்கம், ஜன்னலோரம், காதைச் சாய்த்துப் பார்த்தாள். இல்லை. தரணி திருப்புவதற்காக ஸ்டியரிங்கில் கை வைத்தான்.

“மேல போலாம்,” என்றாள். “தோட்டத்தப் பாத்து ரொம்ப நாளாச்சு.”

அவன் வண்டியை எடுத்தான். எட்டாவது வளைவில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வெயில் சாய்ந்து விழுந்தது. ஒன்பதாவது தாண்டும்போது, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் கேட்டான்.

“அம்மா. அக்கா எப்படி இருப்பா?”

அவனுக்கு அப்போது வயது இருபத்தொன்பது. அதுவரைக்கும் அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. செல்வநாயகி தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள்.

“நெத்தி அகலம்,” என்றாள். “உன்ன மாதிரித்தான். முடி நிக்காது. சாப்பிட உக்காந்தா எழுந்திருக்க மாட்டா, ஒரு சோத்துப் பருக்கைக்கு ஒரு கத சொல்லுவா. ஒரு நா என்ன பண்ணினா தெரியுமா…”

தரணி கையை நீட்டி, குளிர்காற்று வரும் ஒலிகூட இடைஞ்சலாக இருக்கும் என்று ஏசியை அணைத்தான்.